ஒருத்தருக்கு மட்டும் ஆறு

இல்ல சார், அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. பாஸ்வேர்டெல்லாம் எழுதி வெச்சாச்சு. இனி இந்த மெஷின் உங்க பொறுப்பு. நாளையிலேருந்து நான் லீவு. எத்தனை நாளா? அத எழுதல சார்.

பெரிய வேலையெல்லாம் ஒண்ணுமில்ல. கிட்னிக்குக் காத்திருக்கிறவங்க பேரெல்லாம் இந்த டேட்டாபேஸ்ல இருக்கு. வீட்டுலேருந்தே அவங்க வெப் பேஜத் தெறந்து பாஸ்வேர்டு போட்டா, வரிசையில எத்தனாவது ஆளுன்னு தெரியும். பாக்கலாம், மாத்த முடியாது. மாத்தறது இந்த ஒரு மெஷின்லதான்.

முன்னாடியெல்லாம் அதோ அந்த ஜன்னல்ல வந்து நிப்பாங்க. எட்டு வருஷம் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு சார். அவங்களே பாத்துக்கட்டும்னு பெரிய டாக்டர்தான் இதச் செய்யச் சொன்னாரு. நான் இருந்த அலுப்புல மொத்த லிஸ்டையும் பேரோட தெறந்து விட்டுட்டேன். மத்தியானம் ஒரு போன். மூணாவது ஆளுக்கு என்ன வயசும்மா, ரொம்ப முடியலையாமேன்னு விசாரிக்கிறாரு. யாருன்னா, நாலாவது ஆளோட தம்பி. அவரத் தப்பு சொல்லல, அவருக்கு அவர் அண்ணன் பொழைக்கணும். அப்புறம்தான் அவங்கவங்க நம்பர் மட்டும் தெரியற மாதிரி மாத்தினேன்.

அதுலயும் நிம்மதி இல்ல. ஒம்பது எட்டாயிடுச்சு மேடம்னு சந்தோஷமா போன் பண்ணுவாங்க. மேல இருந்தவருக்கு கிட்னி கெடச்சுதா, இல்ல ஆளே போய்ச் சேந்துட்டாரான்னு எனக்குத்தான தெரியும். ரொம்ப சந்தோஷங்கம்பேன். வேற என்னத்தச் சொல்ல?

பேர எடுக்கறதா? ஆபரேஷன் தாங்க மாட்டாங்கன்னு டாக்டர் எழுதிட்டா எடுத்துடணும். அப்புறம் அவங்க பாத்தா பதிவு இல்லைன்னு வரும். அதுக்கு முன்னாடியே டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிடுவாங்க. நாம சொல்ல வேண்டியதில்ல.

ஓ, தனியா ஆறுன்னு போட்டிருக்கற அந்த வரி உங்க கண்ணுல பட்டுடுச்சா. இல்ல சார், லிஸ்ட்ல ஆறாவது ஆள் வேற ஒரு அம்மா, அவங்களுக்கு இதனால ஒரு குறையும் வராது. இது தனி. ஒரே ஒருத்தர் பாஸ்வேர்டு போட்டா மட்டும் ஆறுன்னு காட்டும். எங்க வீட்டுக்காரர். அவர் பேர போன மாசமே எடுத்தாச்சு, எடுத்ததும் நான்தான். இதயம் தாங்காதாம். நீங்களே பக்குவமா சொல்லிடுங்கன்னு டாக்டர் என்கிட்ட விட்டுட்டாங்க. காலையில கண்ணு முழிச்சதும் மொதல்ல அந்த நம்பரத்தான் சார் பாக்கறாரு. அவர்கிட்ட சொல்லாம இந்த வரியப் போட்டுட்டேன்.

தப்புதான். மேல சொல்லணும்னா சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். சொல்லலைன்னா, மாசக் கடைசியில வீட்டுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு கொறச்சு விடுங்க, போதும். அடுத்தது அஞ்சு.

அவர் மூணு மாசம் தாண்டினாலே பெருசுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ஒண்ணு வரைக்கும் நீங்க போக வேண்டியிருக்காது சார்.