தமிழுக்கு மாறாத கீபோர்டு

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகும், பட்டுச்சேலை கட்டிய இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அன்னைக்குக் கீபோர்டு தமிழுக்கு மாறியிருந்தா, இந்தக் கல்யாணத்துல நான்தான் பொண்ணு" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"என்னட்டி சொல்லுத?"

"ஆபீஸ்ல தமிழ்ல அடிக்கும்போதே இங்கிலீசுக்குப் போயிரும்லா. அதைச் சரிபண்ண இந்த மாப்பிள்ளைதான் வந்தாக. 'எதாவது அடிச்சுக் காட்டுங்க'ன்னாக. 'உங்களப் புடிச்சிருக்கு'ன்னு அடிச்சேன். ஸ்கிரீன்ல அம்புட்டும் தாறுமாறா இங்கிலீஷ் எழுத்து. அவியளுக்கு ஒண்ணும் வெளங்கல."

"பொறவு?"

"செட்டிங்ஸ மாத்திட்டு, 'இப்ப அதையே திரும்ப அடிங்க'ன்னாக."

"அடிச்சியா?"



"தைரியம் போயிருச்சுட்டி. 'வணக்கம்'னு அடிச்சேன். 'நல்லா வருதே'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாக."