ஒரே தடவை கூப்பிட்டவள்

யோகோஹாமாவில் ஒரு பெண் குழந்தைக்கு என்ன விலை தெரியுமா? இரண்டு வார்த்தை. "இதோ வந்துட்டேன்." என் நண்பன் செகாவாவின் அக்கா புருஷன் கொடுத்த விலை அது. பேரம்கூடப் பேசவில்லை.

நவம்பர் மாதம், மாலை ஐந்து மணி. அங்கே அதற்குள் இருட்டிவிடும். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்ததில் துறைமுகப் பூங்காவின் கரையோரப் பாதையில் ஓர் ஆளும் இல்லை... கட்டிப்போட்ட பழைய கப்பலின் சங்கிலி மட்டும் கிறீச்... கிறீச்...

அந்தப் பூங்கா எதன் மேல் நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும். 1923-இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் நகரம் இடிந்து எரிந்தது. இடிபாட்டை அள்ளிக் கடலில் கொட்டி, மேலே புல்லும் ரோஜாவும் வைத்தார்கள். கொட்டும்போது எல்லாவற்றையும் சலித்தா பார்த்திருப்பார்கள்?

அக்கா புருஷன் பெயர் குரிஹாரா. பட்டுத் துணிக்கடை. வாடிக்கையாளர் இரண்டாம் தடவை கூப்பிடும்படி வைக்கக் கூடாது என்பது அவன் அப்பா அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். அவன் மனைவி ஃபூமியேவோ வடக்கே மீனவக் குடியிருப்பில் பிறந்தவள். செத்தவர்களால் ஒரு தடவைதான் கூப்பிட முடியும் என்பாள். அதனால் உயிரோடு இருப்பவர்கள் இரண்டு தடவை கூப்பிட வேண்டும். ஒற்றைக் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது. எட்டு வயது மகள் சியோரியையும் அப்படியே பழக்கியிருந்தாள்.

"உன் கணக்குப்படி பாத்தா கடைக்கு வர்றதுல பாதி பேய்தான்" என்பான் குரிஹாரா.

"மீதிப் பாதி கடன் சொல்றவங்க. பேய்ங்களே பரவாயில்லீங்க" என்பாள் அவள்.

அன்று அப்பாவும் மகளும் கப்பல் பார்க்கப் போனார்கள். சிவப்புக் கோட்டுப் போட்ட சியோரி ரோஜாப் பாத்திக்குப் பின்னால் ஓடி மறைந்தாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை... பிறகு கரைக் கம்பிப் பக்கத்திலிருந்து குரல்.

"அப்பா."

ஒரே தடவை. மூளை யோசிப்பதற்குள் கடைக்கார நாக்கு முந்திக்கொண்டது.

"இதோ வந்துட்டேன்."

ஈரச் சுண்ணாம்பும் கரிந்த மரமும் கலந்த வாடை. ஒரு சின்னக் கை அவன் கைக்குள் நுழைந்தது. நறநறவென்று மணல் ஒட்டிய கை. குனிந்து பார்த்தான். சிவப்புக் கோட்டு. சியோரியின் முகம். சிரித்தாள். நிம்மதியாக நடந்தான்.

பூங்கா வாசலருகே வந்தபோது முதுகுக்குப் பின்னால், மூடுபனிக்குள்ளிருந்து...

"அப்பா, அப்பா."

நின்றான். கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. சரக்கு கையில் இருக்கிறது, பின்னால் கேட்பது ஏமாற்று என்று முடிவு செய்தான். திரும்பவில்லை. குரல் இன்னொரு முறை கேட்டது. இந்தத் தடவை தூரத்தில்... தண்ணீர்ப் பக்கமாக.

வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா" என்றாள் குழந்தை.

ஃபூமியே உள்ளே துண்டோடு நின்றாள். இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்தாள். குழந்தை பொறுமையாக வெளியே நின்றது. கதவைத் தள்ளித் திறந்தது கூட வந்த குரிஹாராதான். நடந்ததை அவன் சொல்லி முடிப்பதற்குள் ஃபூமியே செருப்புகூட இல்லாமல் பூங்காவுக்கு ஓடினாள். யாரும் இல்லை. காவலர்களிடம் என்னவென்று புகார் கொடுப்பது? பெண் வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதாயிற்று பத்து வருடம். பெண் வளர்ந்துவிட்டாள், அழகாக இருக்கிறாள், கல்லாவில் உட்காருகிறாள். யாரையும் ஒரு தடவைக்கு மேல் கூப்பிட்டதில்லை. அப்பா ஓடி வருவான். அம்மா இன்றுவரை பதில் சொன்னதில்லை.

மூடுபனி இறங்கும் மாலைகளில் ஃபூமியே கரைக் கம்பியருகே போய் நிற்பாள். போன வருடம் செகாவா துணைக்குப் போனான். அன்று அவன் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, நான் சாட்சி.

"சியோரி, சியோரி" என்று கூப்பிட்டாள் அக்கா.

சங்கிலி... கிறீச்... பிறகு கடல் பக்கமிருந்து இல்லை, அவர்கள் மிதித்து நின்ற புல்லுக்கு அடியிலிருந்து...

"அம்மா, அம்மா."

எட்டு வயதுக் குரல். வளரவே இல்லை.

 திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாளாம்:

"பெத்தது ஒண்ணு. வளந்தது ஒண்ணு. பாக்கி ஒண்ணு, மண்ணுக்கடியில."