தொட்டியில் கிடைத்த மோதிரம்

அம்பாசமுத்திரம் பேருந்தில் என் முன்சீட்டில் லேத் பட்டறைக்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

"கல்யாண மோதிரம் கெடச்சதை முதலாளிட்ட மட்டும் சொல்லிராதலே" என்றார் மூத்தவர்.

"ஏன் அண்ணாச்சி? தொலைஞ்சப்போ எம் பொஞ்சாதி எம்புட்டு அழுதா தெரியுமா?"

"எங்கன கெடந்துச்சுன்னு சொன்ன?"

"மிஷினுக்கு அடியில, கட்டிங் ஆயில் தொட்டியில. பம்பு அடைச்சிட்டுன்னு அடிமண்டியை அள்ளினேன், தட்டுப்பட்டுச்சு."

"எப்ப தொலைச்ச?"

"கல்யாணமான புதுசுல."

"ஒம் மவ இப்ப ரெண்டாப்பு படிக்கா. மாசாமாசம் தொட்டியைக் கழுவி, ஆயிலை வடிகட்டித்தான் திரும்ப ஊத்துதேன்னு முதலாளிட்ட சொல்லுதியே, அது எந்தத் தொட்டிலே?"

இளையவர் மோதிரத்தைப் பையக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"அங்கன எதுக்கு? தொட்டியிலயே போட்டிரு. ஒருத்தனும் கைவைக்க மாட்டான்."