உப்புநீர்த் தொட்டியில் அவர் விட்டுச்சென்ற கட்டிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துறைமுகப் பொறியாளர்களே, அம்மையாரை இழந்து முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் அவர் கணவரே, மகளே, ஆய்வுக்கூடத் தோழர்களே! எத்தனையோ கூட்டங்களில் பேசியவன் நான். இன்று அம்மையாரின் ஆய்வுக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்தவனாகப் பேசுகிறேன்.

பேராசிரியர் அம்மையார் போய்விட்டார். மாணவர்களுக்கு அவர் 'மாவு மேடம்'. சிமென்ட் துகளைவிடப் பல நூறு மடங்கு நுண்ணிய சிலிக்கா பொடி எப்போதும் அவர் மேலங்கியில் ஒட்டியிருக்கும். "காலேஜுக்குப் போறியா, மாவு மில்லுக்குப் போறியான்னு வீட்டுல கேக்குறாங்க" என்று அவரே சிரிப்பார்.

எதற்காக அந்தப் பொடி? துறைமுகப் பாலத்தில் கடல் உப்பு இறங்கி, உள்ளே கம்பி துருப்பிடித்து, அடிப்பக்கம் பெயர்ந்து, ஒரு சுமைத்தொழிலாளியின் மேல் விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. ஆய்வுக்குப் போன அம்மையாரிடம் அந்தத் தொழிலாளியின் மனைவி கேட்டார்: "காரணம் கண்டுபிடிச்சிடுவீங்க. அடுத்ததாவது விழாமக் கட்டுவீங்களா?"

அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. கான்கிரீட்டின் கண்ணுக்குத் தெரியாத துளைகளை நுண்பொடி அடைக்கும். எஃகு இழையும் பிளாஸ்டிக் இழையும் சேர்ந்து விரிசலை இழுத்துப் பிடிக்கும். சொல்ல எளிது! முதல் கலவை சாதாரணக் கான்கிரீட்டைவிட மோசமாக உடைந்தது. பொடி திரண்டு கட்டி தட்டியிருந்தது.

நிதி கொடுத்த நிறுவனத்தார் வந்தார்கள். "நல்லா வந்தத மட்டும் காட்டுங்க மேடம், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா? யார் தலையிலயாவது விழுந்தப்புறமா?" என்றார் அம்மையார்.

நிதி நின்றது. அவர் நின்றாரா? இல்லை! பொடியை முதலில் தண்ணீரில் விட்டு, ஒலி அலைகளால் பிரித்து, பிறகே சிமென்ட்டில் சேர்த்துப் பார்த்தார். கட்டி தட்டவில்லை. துறைமுகத்தார் அதை ஏற்க, அந்தக் கலவையில்தான் புதிய பாலம் எழுந்தது. அது எழ எழ, புற்றுநோய் இவரைச் சாய்த்தது.

பாலத்தின்மேல் பாரம் ஏற்றிச் சோதித்த அன்று மருத்துவமனைக்கு ஓடினேன். "விரிசலே இல்ல மேடம்!"

மகிழ்வார் என்று நினைத்தேன். கணவரின் கையைப் பிடித்தபடி மெல்லக் கேட்டார்: "இன்னைக்கு இல்ல, சரி. வருஷக்கணக்கா உப்புத் தண்ணி குடிச்சப்புறம்?"

"நாங்க பாத்துக்கறோம் மேடம்."

"நாங்கன்னா யாருப்பா? எல்லாரும் பாத்துக்கறோம்னா, யாரும் பாக்கமாட்டாங்க."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

தோழர்களே! பாலத்தின் அதே கலவையில் சோதனைக்காக அவர் வார்த்த கான்கிரீட் கட்டிகள் நம் ஆய்வுக்கூடத்தில், உப்புநீர்த் தொட்டியில் கிடக்கின்றன. ஆண்டுக்கொன்றாக எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டும். கெட்டிருந்தால், கெட்டுவிட்டது என்றே ஊரறியச் சொல்ல வேண்டும், அது அம்மையாரின் கலவையே ஆனாலும்!

முதல் கட்டியை நான் எடுக்கிறேன். அடுத்த ஆண்டு யார்? பின்வரிசையில் நம் ஆய்வுக்கூட உதவியாளர் கை தூக்குகிறார். நன்றி ஐயா. அதற்கடுத்த ஆண்டு?

முன்வரிசையில் கை தூக்குவது யார்? அம்மையாரின் மகளே, நீயா? கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள் நீ. இந்த வேலை உனக்குத் தெரியாதேம்மா!

சரி. கையை இறக்காதே. கற்றுத்தருகிறோம்.