எட்டு மணிக் கையெழுத்து

ஐந்தரை மணிக் கூட்டத்துக்கு ஐந்து மணிக்கே வந்து, தன் நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டுக்கொண்டு தலைமை ஏற்றிருக்கும் எங்கள் முன்னாள் ஃபோர்மன் ஐயா எட்மண்ட் அவர்களே! மேடையில் இடமிருந்தும் மண்ணில்தான் அமர்வோம் என்று அமர்ந்திருக்கும் பெரியவர்களே! அடுப்பில் வைக்க அரிசி இருக்கிறதோ இல்லையோ, சங்கம் அழைத்தது என்றதும் குழந்தையை இடுப்பில் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! குரோம்பேட்டையிலிருந்து நடந்தே தாம்பரம் வந்த தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் குப்புராஜின் களைத்துப்போன வணக்கம்.

ஆமாம், களைத்துப்போன வணக்கம்தான். சங்கச் செயலாளர் முழங்குவார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பதினான்கு மாதமாக முழங்கிவிட்டேன். முழங்கி முழங்கி என் குரலே எனக்குச் சலித்துவிட்டது.

அரசாங்கம் நடத்திய மரச்சாமான் தொழிற்சாலை நம்முடையது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சும் மேசையும் செய்த கைகள் நம்முடைய கைகள். ஒருநாள் காலையில் ஆலைக் கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். மறு உத்தரவு வரும்வரை மூடப்படுகிறது என்றார்கள். மறு உத்தரவு வந்ததா? மழை வந்தது, அந்தத் தாளைக் கிழித்தது. பொங்கல் வந்தது, பானை பொங்காமலே போனது. மறு உத்தரவு மட்டும் வரவில்லை. வாசலில் டீக்கடை வைத்திருந்த ரத்தினபாய் அக்கா கடையை எடுத்துவிட்டார். சைக்கிளில் வந்தவர்கள் சைக்கிளை விற்றுவிட்டு நடக்கிறார்கள். என் மகள் படிக்கும் பள்ளியில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள். பெஞ்சு செய்தவன் மகளுக்குப் பெஞ்சு இல்லை.

கோட்டைக்குப் போனோம். உங்கள் ஆட்கள் எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாமே, யாருக்காகத் திறப்பது என்று ஓர் அதிகாரி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கையெழுத்து நோட்டுப் போட்டேன். தினமும் காலை எட்டு மணிக்குப் பூட்டிய கதவின் முன்னால் வந்து கையெழுத்துப் போட வேண்டும், போடாதவர் நம்மவர் அல்லர் என்றேன். நோட்டு நிறைந்தது. திறக்கலாம் என்று கோப்பும் எழுதினார்கள். கோப்பு மேலே போகும் நேரத்தில் ஆட்சியே கலைந்துவிட்டது. தேர்தல் முடியட்டும், புது அரசு வரட்டும் என்கிறார்கள். இப்போது நம் கதவில் எல்லாக் கட்சிக் கொடியும் கட்டியிருக்கிறது. கொடி கட்ட வந்தவர்களில் ஒருவராவது பூட்டைத் தொட்டுப் பார்த்தாரா?

பொறுங்கள், பீச் ரயில் போகட்டும். அதற்கு என்னைவிடக் குரல் அதிகம்.

போயிற்று. பின்னாலிருந்து ஒரு தம்பி விஷயத்துக்கு வாங்க என்கிறார். வருகிறேன் தம்பி. வரத்தான் பயமாக இருக்கிறது.

வார்னிஷ் பிரிவுப் பொன்னுசாமியை உங்களுக்குத் தெரியும். அவருடைய கையெழுத்து இருபது நாள் விழவில்லை. பெரும்பாக்கத்தில் வீடு கட்டும் இடத்தில் செங்கல் சுமக்கிறார் என்று சேதி வந்தது. பொதுக்குழுவைக் கூட்டினேன். துரோகி என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். உங்கள் கண்ணெதிரே சிவப்பு மையால் அவர் பெயரை அடித்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. “அடிச்சிக்கோண்ணா. என் புள்ளைங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும், நீ இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன செவ்வாய்க்கிழமை கேன்டீன் செல்வமேரி என் வீட்டுக்கு வந்தார். அதோ முதல் வரிசையில் இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “அண்ணா, நீ எட்டு மணிக்குக் கையெழுத்து கேக்கறே. சித்தாளு வேலைக்கு ஏழு மணிக்கே ஆளு இட்டுகினு பூடறாங்கோ. உன் நோட்டை வச்சிகினு நான் இன்னா சோறா வடிக்கிறது?”

மறுநாள் ஏழு மணிக்கு வேளச்சேரிச் சாலை முனைக்குப் போனேன். மேஸ்திரிகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் தோழர்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். போலீஸைப் பார்த்து ஒளியலாம், கடன்காரனைப் பார்த்து ஒளியலாம். சங்கச் செயலாளரைப் பார்த்து ஒளியலாமா? அன்றைக்கு வெட்கப்பட வேண்டியவன் நான்தான், வெட்கப்பட்டேன்.

ஆலையை மூடியது அரசாங்கம். அதற்கு நான் பொறுப்பல்ல. ஆனால் அடுத்த வேலைக்கும் போகவிடாமல் ஒரு நோட்டைப் போட்டு வழி மறித்தது யார்? பட்டினி கிடப்பதா போராட்டம்? பிள்ளை பசிக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதா விசுவாசம்? கல் சுமந்தவன் துரோகி என்றால், அந்தக் கல்லை அவன் தலையில் ஏற்றியவன் பெயர் என்ன? நாளையிலிருந்து கையெழுத்து மாலை ஆறரை மணிக்கு. வேலைக்குப் போய்விட்டு வந்து போடுங்கள்.

இன்னொன்று. நாளை காலை பத்து மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் பெயர்ப் பட்டியல் கொடுக்கிறோம். ஆலை திறந்தாலும், நம்மை வேறு ஆலைக்கு மாற்றினாலும், பட்டியலில் இருப்பவருக்குத்தான் வேலை. பொன்னுசாமி அதில் இல்லை. பொதுக்குழு அடித்த பெயரைப் பொதுக்குழுதான் எழுத முடியும், அதற்குத்தான் இன்று உங்களைக் கூட்டினேன். நேற்று அவரைக் கூப்பிடப் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கிறது, வர முடியாது என்றார். அவர் மனைவி அம்மணி வந்திருக்கிறார், கடைசியில் நிற்கிறார்.

ஒரு நாளும் தவறாமல் கையெழுத்துப் போட்ட சம்பத் ஏதோ கேட்கிறார். என்ன சம்பத்? “ஒயுங்கா கையெழுத்து போட்டவன் இன்னா கேனையனா?” நியாயமான கேள்வி. இல்லை தம்பி. உன் கையெழுத்தைக் காட்டித்தான் ஆலையைக் கேட்டோம். நீ நின்றாய், அதனால் நாம் இன்னும் இருக்கிறோம். அவருடைய பெயரை எழுதினால் உன் பெயர் அழியாது. தவறு நோட்டுப் போட்டவனுடையது. நின்ற உன்னுடையதும் அல்ல, போன அவருடையதும் அல்ல.

சம்மதம் என்றால் கை தூக்குங்கள். தட்ட வேண்டாம், அன்றைக்குத் தட்டியது போதும்.

செல்வமேரி. பெரியவர்கள். குரோம்பேட்டைத் தோழர்கள். சம்பத், உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, யோசித்துச் சொல். சரி, பார்த்தேன், தூக்கிவிட்டாய்.

ஐயா எட்மண்ட், எழுதுங்கள். பொன்னுசாமி, வார்னிஷ் பிரிவு.

களைத்தவன் பேச்சைக் கலையாமல் கேட்ட உங்களுக்கு நன்றி. அம்மணி, அவர் வேலை முடிந்து வந்ததும் பெயரை எழுதிவிட்டோம் என்று சொல்லம்மா. மன்னிப்பை மட்டும் நீ சொல்லாதே, அதை நான் நேரில் வந்து கேட்கிறேன். வணக்கம்.