நாலு பேர் இருக்கும் வீடு

கொசுவத்தி அணைந்துவிட்டதா? இருக்கட்டும், பற்றவைக்க வேண்டாம். இந்தக் கதைக்குக் கொசு வேண்டும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... எனக்காகத்தான் சொல்கிறேன். இருட்டில் மாடிப்படி ஏறும்போது சத்தமாகப் பாடிக்கொண்டே ஏறுகிற வீரன் நான்.

இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. சுகாதாரத் துறையில் வேலை. யானைக்கால் நோய் யாருக்கு இருக்கிறது என்று பார்க்க, வீடு வீடாகப் போய் விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். அதனால் ஆபீசில் அவருக்குப் பெயரே சொட்டு. அதை ஏன் ராத்திரியில் எடுக்க வேண்டும் என்கிறீர்களா? அந்தப் புழுவின் குணம் அப்படி. பகலெல்லாம் நுரையீரலுக்குள் பதுங்கிக் கிடக்கும். ஆள் தூங்குகிற நேரம் பார்த்துத் தோல் பக்கம் உலாவ வரும்... கொசு வந்து கடிக்குமே, அதற்கு வாகாக. கண்ணுக்கே தெரியாத ஜந்து. எவ்வளவு காரியக்காரத்தனம் பாருங்கள்.

இரவு பதினொன்றரை மணி. ஊரை விட்டு ஒதுங்கிய ஒரு தெரு. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் நெடுக திறந்த சாக்கடை. கரண்ட் வேறு போய்விட்டது. வேன் உள்ளே திரும்பாது என்று சொல்லிவிட்டு, டிரைவர் தெருமுனையிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார். சொட்டு ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் பெட்டியுமாகத் தனியாக நடந்தார். கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. ஓங்கி அடித்தார். எந்தக் கையால்? டார்ச் இருந்த கையால்.

ப்ளக்.

சாக்கடைக்கு உள்ளே டார்ச் கொஞ்ச நேரம் பச்சையாக எரிந்தது... அப்புறம் அதுவும் இல்லை. கொசு தப்பித்துவிட்டது.

புத்தியுள்ளவன் திரும்பிப் போயிருப்பான். நம்ம ஆள் செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டார். ஒரு கையால் விரலைப் பிடிக்க வேண்டும், ஒரு கையால் குத்த வேண்டும். மூன்றாவது கைக்கு எங்கே போவது? போனைப் பல்லில் கடித்துக்கொண்டார். நிலாவைக் கவ்விவிட்டு விழுங்கத் தெரியாமல் விழிக்கும் தவளை மாதிரி இருந்திருப்பார். வெளிச்சம் விரல் வரைக்கும்தான் விழுந்தது. யார் முகமும் தெரியவில்லை. அவரால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவும் வழியில்லை.

கடைசி வீடு மரக்கடைக்காரருடையது. வாசல் கதவு தேக்கு, மனசு பிளைவுட். போனைக் கடிப்பதற்கு முன்னால் சொட்டு கேட்டார்.

"எத்தனை பேரு சார்?"

"நாலு பேரு. சட்டுனு முடிப்பா. எங்க வீட்ல எவனுக்கும் அந்த அசிங்கமெல்லாம் கிடையாது."

பாதி திறந்த கதவு. விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மோதிரம் போட்ட தடித்த விரல், அது அவர். நகத்தைக் கடித்துக் குதறிய விரல், மகன். நகப்பூச்சு, மகள். பாத்திரம் தேய்த்த சோப்பு வாசத்தோடு மனைவி. அப்புறம்...

இன்னொரு விரல் வந்தது.

சொட்டு யோசிக்கவில்லை. வந்த விரலைக் குத்துவது அவருக்குப் பழக்கதோஷம். தொட்டபோதுதான் தெரிந்தது. ஜில்லென்று இருந்தது. குத்தினார். ரத்தம் வரவில்லை. அழுத்திப் பிதுக்கினார்... மெல்ல, ரொம்ப மெல்ல, கறுப்பாக ஒரு சொட்டு திரண்டது. ஈரத்துணியை மூடிப்போட்டு நாள்கணக்கில் மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. அதையும் கண்ணாடி ஸ்லைடில் தடவிக்கொண்டார். விரல் உள்ளே போயிற்று. இருட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

தொப்... சர்ர்ர்... தொப்... சர்ர்ர்.

ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை இழுத்துக்கொண்டு நடக்கிற சத்தம். நீங்களாக இருந்தால் அலறியிருப்பீர்கள். அவரால் அதுவும் முடியாது. வாயில் செல்போன். அதை எடுப்பதற்குள் கதவு சாத்தித் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

மறுநாள் மதியம் லேப் அக்கா கூப்பிட்டாள். மைக்ராஸ்கோப்பை விட்டால் வேறு உலகம் தெரியாதவள், ஆனால் நாக்கு நீளம்.

"டேய் சொட்டு, அந்தக் கடைசி வீட்ல எத்தனை பேருன்ன?"

"நாலுக்கா."

"ஸ்லைடு அஞ்சு இருக்கே. நாலு சுத்தம். அஞ்சாவத நீயே பாரு." எழுந்து நகர்ந்து இடம் விட்டாள்.

பார்த்தார். ஊதா நிறத்தில் நூல்நூலாக, சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி... இடைவெளியே இல்லை.

"இவ்ளோ புழு நான் பார்த்ததே இல்லடா. கால் என்ன கதியில இருக்கோ பாவம். யாருன்னு கண்டுபிடிச்சு மாத்திரையக் குடு. இல்லேன்னா தெருவுல இருக்கிற குழந்தைங்க அத்தனைக்கும் கொசு கொண்டுபோய்க் குடுத்துரும். ஆம்பளையா பொம்பளையா?"

"தெரியலக்கா. விரலத்தான் பார்த்தேன்."

"நல்லா பார்த்த போ. உனக்குக் கண்ணு எதுக்கு, மூக்குக்குத் துணைக்கா?"

சொட்டுவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. யாரையோ உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவருக்குப் பேய் ஞாபகமே வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த மாதிரி ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். வாசலில் கார் நிற்கும், கூடத்தில் சோபா இருக்கும், கால் வீங்கிய மனுஷி மட்டும் கொல்லைப்பக்கம் இருப்பாள். வியாதியைப் பார்த்து வராத வெட்கம், அதை அடுத்த வீட்டுக்காரன் பார்த்துவிடுவானோ என்று நினைத்தால் மட்டும் வரும். தூ.

சாயங்காலமே மாத்திரையோடு போய் நின்றார். மரக்கடைக்காரர் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"சார், உங்க வீட்ல ஒருத்தருக்கு நோய் இருக்கு. என் கண் முன்னாடி மாத்திரை முழுங்கணும். யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"ஏம்ப்பா, நாலு பேருக்கும் ஒண்ணுமில்லன்னு நீயே போன்ல சொன்ன."

"அஞ்சாவது ஆளு சார்."

"அஞ்சாவது ஆளா? குடிச்சிருக்கியா? பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கேன். யானைக்கால் ஆபீஸ்காரன் வாசல்ல நிக்கிறது தெரிஞ்சா எவன் வருவான்?"

தொப்... சர்ர்ர்.

கூடத்துக்குப் பின்னால், பூட்டுப் போட்ட ஓர் அறையிலிருந்து.

"அந்த ரூம்ல யாரு சார்?"

"மரச்சாமான்."

"மரச்சாமான் நடக்குதே சார்."

அவர் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். சொட்டு நகரவில்லை. "உள்ள இருக்கிறவங்க பயப்படாதீங்க! மாத்திரைதான், ஊசி இல்ல!" என்று கதவைப் பார்த்துக் கத்தினார். மரக்கடைக்காரருக்கு முகம் சிவந்தது. "உன் மேலதிகாரி நம்பர் எங்கிட்ட இருக்கு, இரு, உன் வேலைய என்ன பண்றேன் பாரு" என்று போனைத் தூக்கிக்கொண்டு, டவர் கிடைக்க வாசலுக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள்.

அதே ஈரத்துணி வாடை.

உள்ளே ஆள் இல்லை. மெத்தை இல்லாத ஓர் இரும்புக் கட்டில். ஜன்னலில் பலகை வைத்து, இடுக்கு இல்லாமல் ஆணி அடித்திருந்தது. நல்ல பலகை. மரக்கடைக்காரர் அந்த வீட்டில் ஆசையாகப் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அதுவாகத்தான் இருக்கும். தரையில் தூசி விரலளவு படிந்திருந்தது. அதில் ஒரு காலடி கூட இல்லை.

சுவர் மட்டும் கறுப்பாக இருந்தது. சொட்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

கொசு. மேலிருந்து கீழ்வரை கொசு. ஒன்றும் பறக்கவில்லை. பறக்க முடியாத அளவுக்கு வயிறு உப்பி உட்கார்ந்திருந்தன. உள்ளங்கையால் ஒன்றை அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். சிவப்பு. புது ரத்தம். வெதுவெதுப்பாக இருந்தது.

கையைச் சட்டையில் துடைக்கவும் மறந்து நின்றார்.

"அக்கா... அவர்கிட்ட கேட்டா மரச்சாமான்ங்கிறாரு. நீங்களாவது நேராச் சொல்லுங்க. இந்த ரூம்ல யாரு இருக்காங்க?"

கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"என் நாத்தனார், தம்பி. கால் வீங்கினதும் இவரு இங்க வச்சுப் பூட்டிட்டாரு. முன்னாடி ஒருவாட்டி உங்க ஆளுங்க ராத்திரியில ரத்தம் எடுக்க வந்தாங்க. எனக்கும் எடுங்க, எனக்கும் எடுங்கன்னு உள்ளேருந்து கதவத் தட்டினா. வீட்ல நாலு பேருதான்னு சொல்லிட்டு இவரு டிவி சத்தத்தக் கூட்டிட்டாரு. நானும் பேசாமதான் நின்னேன். அந்த மாசமே காய்ச்சல் வந்து... இந்தக் கட்டில்லதான். ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப... நேத்து ராத்திரி?"

"நீங்க போனைக் கடிச்சுக்கிட்டு விரல மட்டும் பார்த்தீங்க. நான் ஆளையே பார்த்தேன், தம்பி. என் முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னு, கைய நீட்ட இடமில்லாம தவிச்சா." அவள் கதவை மறுபடி சாத்தினாள், பூட்டவில்லை. "இந்தத் தடவை... நான்தான் நகர்ந்து இடம் விட்டேன்."