பீச் பழத் தோல்

கிரில்லில் பழக் கோப்ளர் செய்வது கஷ்டமே இல்லை சார். கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, இரும்புச் சட்டியைக் கரி இல்லாத பக்கம் வைக்க வேண்டும். அடியில் நறுக்கிய பீச் பழம், சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. மேலே வெண்ணெய் போட்டுப் பிசிறிய மைதா. மூடிவிட்டால் நாற்பது நிமிடம். இடையில் திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும், மாவு வேகாது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா முந்தின நாளே வந்திருந்தாள். அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போகத்தான் வந்தாள். அம்மா படுத்த படுக்கையாகிப் பதினோரு வருஷம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். அக்கா வருஷத்துக்கு இரண்டு முறை வருவாள். வந்து தலைமாட்டில் உட்கார்ந்தால் போதும், அம்மா முகம் மலர்ந்துவிடும். அதை நான் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

"ஓடா தேஞ்சுட்டடி நீ. இனிமே உனக்காகக் கொஞ்ச நாள் இரு. அம்மாவ நான் பாத்துக்கறேன்" என்றாள்.

நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. உனக்குப் பிடிக்குமே, கோப்ளர் செய்கிறேன் என்றேன். உள்ளே புழுக்கம் என்று வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் கிரில்லை வைத்தேன். அவள் நாற்காலி போட்டுக்கொண்டு பழத்தைத் தோல் சீவி நறுக்கிக் கொடுத்தாள். சீவிய தோலை ஒரு தட்டில் அள்ளி அவள் நாற்காலிக்குக் கீழே தள்ளினேன். சர்க்கரைச் சாறு ஒட்டியிருந்த கிண்ணத்தையும் அங்கேயே வைத்தேன். கை வேலையாக இருக்கும்போது கிடைத்த இடத்தில் வைப்பதுதானே.

அக்காவுக்குக் குளவி கொட்டினால் ஆகாது. சின்ன வயதில் ஒருமுறை மூச்சு நின்று பிழைத்தவள். அதிலிருந்து எங்கே போனாலும் கைப்பையில் அதற்கான மருந்து ஊசி ஒன்று இருக்கும். கொட்டியதும் தானே தொடையில் குத்திக்கொள்வாள்.

தோல் தட்டை மொய்த்த குளவிகளில் ஒன்று அவள் கணுக்காலில் கொட்டியது. "பைய எடுத்துட்டு வாடி, சீக்கிரம்" என்றாள்.

உள்ளே போனேன். ஓடவில்லை. ஓடினால் அம்மா பயந்துவிடுவாள். பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தேன். அவளே கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். சீப்பு, சாவிக்கொத்து, கண்ணாடிக் கூடு. அதற்குள் உதடு வீங்கியிருந்தது.

"காணோம்டி... ஆம்புலன்ஸ்..."

"கூப்பிட்டுட்டேங்கா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடி தானாக விடும்வரை நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு சட்டியை இறக்கினேன். மேல்மாவு நல்ல பதத்தில் சிவந்திருந்தது. ஆறட்டும் என்று மேஜைமேல் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

மைதா டப்பாவுக்குள் ஊசி கிடைத்ததாகச் சொன்னீர்கள். ஆமாம், காலையில் அவள் குளிக்கப் போனபோது எடுத்து நான்தான் மாவுக்குள் புதைத்தேன். மதியம் மேலாக அள்ளி அந்த மாவில்தான் கோப்ளர் செய்தேன். தோல் தட்டை வைத்ததும் தெரிந்தேதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

ஆறு மணிக்குள் விட்டீர்களென்றால் நல்லது சார். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நர்ஸ் பார்த்துக்கொள்கிறாள் என்கிறீர்கள். நர்ஸுக்கு அம்மா பேச்சு புரியாது. வாய் குழறும். காலையிலிருந்து "பெரியவள வரச்சொல்லு, பெரியவள வரச்சொல்லு" என்று அழுகிறாள் என்றீர்களே, அவள் கேட்பது என்னைத்தான்.